மறுநாள் நன்றாகத்தான் இருந்தாள்: சைகஸ் விதை தின்ற என் நாயின் கதை

சைகஸ் செடியை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஹோட்டல் வாசல்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் குட்டைப் பனை போல, கரும்பச்சை ஓலைகளை வட்டமாக விரித்துக்கொண்டு விறைப்பாக நிற்கும். நர்சரிகளில் சேகோ பாம் என்று சொல்லி விற்பார்கள். உண்மையில் அது பனைக் குடும்பமே இல்லை. பூக்கும் தாவரங்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே பூமியில் இருந்த ஒரு பழைய கூட்டத்தைச் சேர்ந்தது. தண்ணீர் அதிகம் கேட்காது, பராமரிப்பும் கேட்காது. நான் குடிவந்த வீட்டில் அது முன்பே இருந்தது. வேர் முதல் ஓலை நுனி வரை அதன் எல்லாப் பகுதிகளும் நாய்க்கு நஞ்சு, அதிலும் விதைதான் மிக மோசம், ஒன்றிரண்டு விதைகளே ஒரு நாயின் உயிரை எடுக்கப் போதும் என்பதை வீட்டைக் காட்டியவர் சொல்லவில்லை. தோட்டத்தைச் சுத்தம் செய்ய வந்தவர் சொல்லவில்லை. நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்ட டாக்டரும் சொல்லவில்லை. ஜூலி அதைத் தின்று, சேமிப்பு கரைந்து, தூக்கம் தொலைந்த பிறகுதான் எனக்கு இதெல்லாம் தெரிந்தது. இன்னொருவர் அந்த வழியாகத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்பதால் எழுதுகிறேன்.

சைகஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் உச்சியில் பழுப்பு நிறத்தில், சுணை படிந்த பெரிய உருண்டை ஒன்று உருவாகும். அதற்குள் ஆரஞ்சும் சிவப்புமாக விதைகள் முற்றும். உருண்டை பிரியும்போது விதைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழும். விளையாட்டுப் புத்தி மாறாத நாய்க்கு, கடித்து உருட்டத் தோதான அளவில் பளிச்சென்று ஒரு பொருள் தரையில் கிடந்தால் வேறு அழைப்பு வேண்டுமா? ஜூலிக்குப் பந்து என்றால் உயிர். அன்று மாலை தோட்டத்தில் எதையோ கொறித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் வந்துவிட்டாள். இரவு சாப்பாட்டைத் தொடவில்லை. சற்று நேரத்தில் எச்சில் ஒழுக ஆரம்பித்தது. பிறகு வாந்தி, மறுபடி வாந்தி, நள்ளிரவுக்குப் பிறகு வயிற்றுப்போக்கு. வாந்தியில் சிவப்பாகச் சில தோல் துணுக்குகள் கிடந்தன.

வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். விடிந்ததும் அருகிலிருந்த கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சிவப்புத் துணுக்குகளைப் பற்றிச் சொன்னேன். "குப்பையில் எதையாவது தின்றிருக்கும், நாய்தானே" என்றார் அங்கிருந்த டாக்டர். வாந்திக்கு ஓர் ஊசி, மாத்திரைகள், இரண்டு வேளை பட்டினி போடச் சொல்லி ஓர் அறிவுரை, அவ்வளவுதான். ரத்தப் பரிசோதனை இல்லை, தோட்டம் இருக்கிறதா என்ற கேள்வியும் இல்லை. அவரை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. வாந்தியோடு வரும் நாய்களை அவர் தினமும் பார்க்கிறார். பெரும்பாலானவை உண்மையிலேயே குப்பையைத் தின்றுவிட்டு வந்தவைதான், ஊசி போட்டால் சரியாகிவிடும். ஆனால் "என்ன தின்றது?" என்ற கேள்விக்கு "தெரியவில்லை" என்று பதில் வந்தால், "வீட்டில் என்னென்ன செடிகள் இருக்கின்றன?" என்று அடுத்ததாகக் கேட்டிருக்கலாம். அதைக் கேட்க அரை நிமிடம் கூட ஆகாது. அந்த அரை நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

மறுநாள் ஜூலி நன்றாகத்தான் இருந்தாள். வாந்தி நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தாள், கொஞ்சம் சாப்பிட்டாள், வாசலில் யாரோ வந்தபோது குரைக்கவும் செய்தாள். எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டேன். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இந்த நாளாக இருக்கட்டும். சைகஸில் உள்ள சைகசின் என்ற பொருள் குடலுக்குள் போனதும், அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை உடைத்துக் கொடிய நஞ்சாக மாற்றுகின்றன. அது கல்லீரலுக்குப் போய் அங்கே செல்களைக் கொல்ல ஆரம்பிக்கிறது. முதலில் வரும் வாந்தி வெறும் வயிற்றின் எதிர்ப்பு. வயிறு அடங்கிய பிறகும் கல்லீரலில் அழிவு ஓசையில்லாமல் நடந்துகொண்டே இருக்கும். வெளியே அறிகுறி தெரிய இரண்டு மூன்று நாட்கள்கூட ஆகலாம். நாய் தேறிவிட்டது என்று நாம் கொண்டாடும் நேரம்தான் சிகிச்சைக்கு மிக மதிப்புள்ள நேரம். அதை நான் அலுவலகத்தில் உட்கார்ந்து கழித்தேன். எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அதற்கடுத்த நாள் அவள் எழுந்திருக்கவே யோசித்தாள். நடந்தபோது பின்னங்கால்கள் தள்ளாடின. சிறுநீர் அடர்த்தியான மஞ்சளாகப் போனது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு மஞ்சள் பூத்திருந்தது. கண்ணின் வெள்ளைப் பகுதியும் அப்படித்தான். நாய் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு யோசனை: உங்கள் நாய் ஆரோக்கியமாக இருக்கும்போதே அதன் ஈறு எந்த நிறத்தில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சில நாய்களுக்கு ஈறு இயல்பிலேயே கறுப்பாகவோ திட்டுத்திட்டாகவோ இருக்கும். அப்படியானால் கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் கல்லீரலோ ரத்த அணுக்களோ சிக்கலில் இருக்கின்றன என்று பொருள். வெளிறிப்போயிருந்தால் ரத்தம் குறைகிறது அல்லது அதிர்ச்சி நிலை. இரண்டுமே காலை வரை காத்திருக்கும் விஷயங்கள் இல்லை.

இந்த முறை இரவு பகலாக இயங்கும் பெரிய மருத்துவமனைக்குப் போனேன். அங்கிருந்த பெண் டாக்டர் ஜூலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்ட முதல் கேள்வி, "தோட்டம் இருக்கிறதா அம்மா? என்னென்ன செடி?" தெரிந்த பெயர்களைச் சொன்னேன். பனை என்றதும் அவர் நிமிர்ந்தார். கைப்பேசியில் ஒரு பழைய படம் இருந்தது. ஜூலி அந்தச் செடியின் முன்னால் உட்கார்ந்திருக்கும் படம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு "சைகஸ்" என்றார். சிவப்புத் துணுக்குகளைப் பற்றி நான் சொன்னதும் தலையை மட்டும் ஆட்டினார். ரத்தப் பரிசோதனையில் ஏ.எல்.டி என்ற கல்லீரல் நொதியும், பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியும் எகிறியிருந்தன. ரத்தம் உறையும் நேரமும் நீண்டிருந்தது. ரத்தம் உறையத் தேவையான புரதங்களைச் செய்வது கல்லீரல்தான். அது படுத்துவிட்டால் உடலுக்குள் எங்கே வேண்டுமானாலும் கசிவு தொடங்கலாம். பிழைக்க வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டேன். சைகஸ் தின்ற நாய்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இறந்துபோவதாக ஆய்வுகள் சொல்கின்றன என்றார். மழுப்பாமல் சொன்னதற்காக அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை இருக்கிறது.

சைகஸ் நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. கல்லீரல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ள அவகாசம் வாங்கித் தருவதுதான் சிகிச்சை. நரம்பு வழியாகத் திரவம், சர்க்கரை அளவு இறங்காமல் பார்த்துக்கொள்வது, வைட்டமின் கே, கல்லீரலைக் காக்கும் மருந்துகள், வாந்திக்கும் குடல்புண்ணுக்கும் மருந்து, ரத்தம் உறையவில்லை என்றால் உறையவைக்கும் புரதங்கள் கொண்ட ரத்தத் திரவமான பிளாஸ்மா. இவற்றோடு தினமும் ரத்தப் பரிசோதனை. ஜூலிக்குப் பிளாஸ்மாவும் ஏற்ற வேண்டியிருந்தது. தீவிர சிகிச்சைக் கட்டணம், பரிசோதனைகள், மருந்துகள் எல்லாம் சேர்ந்து, அவசரத்துக்கென்று நான் வருடக் கணக்கில் ஒதுக்கி வைத்திருந்த பணம் முழுவதையும் துடைத்துவிட்டன. மீதிக்குக் கடன் வாங்கினேன். நாய்க்கு இவ்வளவு செலவா என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. ஆனால் பண விஷயத்தை மறைக்காமல் பேசவேண்டும். சேர்க்கும்போதே "ஒரு நாளுக்கு எவ்வளவு ஆகும், எந்தக் கட்டத்தில் கூடும், எதைக் கட்டாயம் செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம்?" என்று நேராகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் அதைத் தவறாக நினைக்க மாட்டார். செல்லப்பிராணிக் காப்பீடு எடுக்க முடியும் என்றால், எடுக்கும் முன் நஞ்சு தின்றதற்கான சிகிச்சை அதில் அடங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தின்றவுடனே கண்டுபிடித்திருந்தால் கதையே வேறு. தின்ற ஓரிரு மணி நேரத்துக்குள் மருத்துவர் வாந்தி எடுக்கவைத்து, நஞ்சை உறிஞ்சிப் பிடிக்கும் செயலூட்டிய கரியையும் கொடுத்தால், நஞ்சில் பெரும்பகுதி ரத்தத்தில் கலக்காமலே வெளியேற வாய்ப்பு இருக்கிறது. அதனால் நாய் ஒரு செடியைத் தின்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், அறிகுறி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. வாயில் எஞ்சியிருப்பதை எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போன் செய்துகொண்டே கிளம்புங்கள். செடியின் ஒரு கிளையோ விதையோ எடுத்து ஓர் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். வாந்தி எடுத்திருந்தால் அதையும் ஒரு டப்பாவில் எடுங்கள். அருவருப்பாக இருக்கும், ஆனால் மருத்துவருக்கு அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை. எத்தனை மணிக்கு, சுமார் எவ்வளவு, நாயின் எடை என்ன என்ற மூன்றுக்கும் விடை தயாராக இருக்கட்டும். வீட்டிலேயே உப்பைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்கவைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். ரத்தத்தில் சோடியம் ஏறி, மூளை பாதிக்கப்பட்டு, செடி செய்யாததை உப்பே செய்துவிடும். பால் கொடுத்தால் நஞ்சு முறிந்துவிடும் என்பதும் வெறும் நம்பிக்கை. நாய் மயக்கத்திலோ வலிப்பிலோ இருக்கும்போது வாயில் எதையும் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

ஜூலி மருத்துவமனையில் கிடந்த இரவுகளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிவந்து, ஒவ்வொரு செடியையும் படம் எடுத்துப் பெயரைத் தேட ஆரம்பித்தேன். அந்தச் சிறிய இடத்தில் இருந்த கூட்டத்தைப் பார்த்து எனக்கே திகைப்பாக இருந்தது. வேலியோரம் அரளி. அதன் இலை, பூ, தண்டு எல்லாவற்றிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் பொருட்கள் இருக்கின்றன. இலை காய்ந்து சருகானாலும் நஞ்சு போகாது. வெட்டிக் குவித்த கிளைகள்கூட ஆபத்துதான். மஞ்சள் அரளியும் அதே வேலையைச் செய்யும், குறிப்பாக அதன் கொட்டை. தொட்டியில் அழகாகப் பருத்து நின்ற அடீனியமும் அரளியின் உறவுதான், அதே இதய நஞ்சு. மூலையில் தானாக முளைத்த ஆமணக்கு: விதையை நாய் கடித்து உடைத்தால் ரிசின் என்ற கொடிய நஞ்சு வெளிப்படும், உடைக்காமல் விழுங்கினால் சில நேரம் அப்படியே வெளியேறிவிடும், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. குன்றிமணியும் இதே ரகம். செங்காந்தள் கிழங்கில் கொல்சிசின் என்ற நஞ்சு. மண்ணைத் தோண்டும் நாய்க்கு அது எட்டாத தூரத்தில் இல்லை. ஊமத்தை தின்றால் கண்ணின் பாவை விரிந்து, இதயம் படபடத்து, இல்லாததையெல்லாம் பார்த்து நாய் மிரளும். ஊதாவாகப் பூத்து நாளுக்கு நாள் வெளுக்கும் புருன்பெல்சியா நடுக்கத்தையும் வலிப்பையும் கொண்டுவரும். எறும்புக்கும் தீங்கு செய்யாதது போல நின்ற உண்ணிச்செடி கல்லீரலைக் கெடுக்கலாம்.

இவ்வளவையும் படித்துவிட்டு முதல் இரண்டு நாள் எனக்குப் பச்சையாக எதைப் பார்த்தாலும் பயமாக இருந்தது. பிறகுதான் நிதானம் வந்தது. நஞ்சுச் செடிப் பட்டியல்களின் பெரிய குறை, கொல்லும் செடியையும் லேசாக வயிற்றைக் கலக்கும் செடியையும் ஒரே வரிசையில் நிற்க வைப்பதுதான். மணி பிளாண்ட், டைபன்பாக்கியா, சேம்பு போன்றவற்றில் ஊசி முனை கொண்ட கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. கடித்தவுடன் வாய் எரியும், எச்சில் கொட்டும், உதடு வீங்கும். நாய் அலறிவிட்டு விலகிவிடும், பெரும்பாலும் அதிகம் விழுங்காது. தொண்டை வீங்கி மூச்சுத் திணறினால் மட்டும் அவசரம். கற்றாழை பேதியைத் தரும். கிறிஸ்துமஸ் சமயத்தில் சிவக்கும் பாயின்செட்டியா கொடிய நஞ்சு என்று பரவியிருப்பது மிகைப்படுத்தல். பொதுவாக வயிற்றுத் தொந்தரவோடு நிற்கும். லில்லி பூனைக்கு எமன், அதன் சிறுநீரகத்தைத் தகர்த்துவிடும்; நாய்க்கு அதே லில்லி அந்த அளவுக்கு ஆபத்தில்லை. எனவே பட்டியலைப் பார்க்கும்போது எந்த விலங்குக்கு, எந்த உறுப்பில், எவ்வளவு வேகத்தில் என்ற மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ என்ற விலங்கு நல அமைப்பு நாய்க்கும் பூனைக்கும் தனித்தனியாகச் செடிகளைப் பிரித்து இணையத்தில் வைத்திருக்கிறது, எனக்கு உதவியது அதுதான். அறிவியல் பெயரைக் கொண்டு தேடுங்கள். நர்சரிப் பெயர்களை நம்பினால் அரேகா பனையும் சைகஸும் ஒரே வரிசையில் வந்து நிற்கும்; அரேகா நாய்க்குத் தீங்கில்லாதது.

செடிகளோடு முடிந்துவிடவில்லை. செடிக்குப் போடும் பொருட்களையும் பார்க்கவேண்டும். ஆமணக்குப் புண்ணாக்கு நல்ல உரம், ஆனால் சரியாகச் சூடுபடுத்தப்படாவிட்டால் அதில் ரிசின் எஞ்சியிருக்கும். எலும்புத் தூளோடு கலந்து போட்டால் அந்த வாசனைக்கே நாய் மண்ணைத் தோண்டித் தின்னும். நத்தைக்கு வைக்கும் மெட்டால்டிஹைடு குருணைகள் நாயைக் கடும் நடுக்கத்தில் தள்ளும். கோகோ ஓட்டைத் தழைக்கூளமாகப் பரப்பினால், சாக்லேட்டை நாய்க்கு நஞ்சாக்கும் தியோபுரோமின் அதிலும் இருக்கிறது. காய்கறிப் பாத்தியில் வெங்காயமும் பூண்டும் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அவை சிவப்பணுக்களை உடைக்கும், பச்சையாகத் தின்றாலும் வேகவைத்துத் தின்றாலும் வித்தியாசமில்லை. திராட்சைக் கொடி இருந்தால் பழம் உதிரும் காலத்தில் நாயை அந்தப் பக்கம் விடாதீர்கள், சிறுநீரகம் நின்றுபோகலாம்.

எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டுச் சிமெண்ட் போட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சைகஸ், அரளி, மஞ்சள் அரளி, ஆமணக்கு, குன்றிமணி, ஊமத்தை, செங்காந்தள் ஆகியவற்றுக்கு, நாய் இருக்கும் வீட்டில் இடமில்லை என்பது என் கட்சி. எச்சில் வரவைக்கும் ரகங்களை உயரத்தில் தொங்கவிட்டுக்கொள்ளலாம். ரோஜா, மல்லிகை, சூரியகாந்தி, பாஸ்டன் பெரணி, ஸ்பைடர் பிளாண்ட் என்று நாய்க்கு நஞ்சில்லாத செடிகளே நிறைய இருக்கின்றன. குட்டி நாய் வீட்டுக்கு வரும் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள், பல் முளைக்கும் வயதில் அது எதையும் விட்டுவைக்காது. வளர்ந்த நாய் திடீரென்று செடிகளைக் கொறிக்க ஆரம்பித்தால், போதிய நடையும் விளையாட்டும் இல்லாமல் அலுப்பில் செய்கிறதா என்றும் பாருங்கள். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் தோட்டத்தைப் படம் எடுத்து, செடியை அகற்ற அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என் வீட்டு உரிமையாளர் அந்தச் செடி விலை உயர்ந்தது என்று முதலில் முரண்டு பிடித்தார். மருத்துவமனை ரசீதைக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார்.

சைகஸைப் பிடுங்குவது நினைத்ததைவிடக் கடினம். ஓலையின் அடிப்பகுதியில் முள் இருக்கிறது, தடித்த கையுறை வேண்டும். அடித்தண்டைச் சுற்றிக் குட்டிகள் முளைத்திருக்கும், ஒன்றைக்கூட விடாமல் தோண்டவேண்டும். மண்ணைக் கிளறி உதிர்ந்த விதைகளைப் பொறுக்கிவிட்டுத்தான் நாயை மறுபடி வெளியே விடலாம். வெட்டியதைத் தெருவோரம் போட்டால் ஆடு மாடுகளும் தெருநாய்களும் தின்னும், அவற்றுக்கும் அது நஞ்சுதான். மூடிய பையில் கட்டி அகற்றுங்கள். அரளியை வெட்டினால் எரிக்கக் கூடாது, புகையும் கெடுதல்.

ஜூலி பிழைத்தாள். வீட்டுக்கு வந்தபிறகும் பல வாரங்கள் கல்லீரல் மாத்திரையும் அதற்கென்று தனி உணவும் தொடர்ந்தன. ஏ.எல்.டி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இயல்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, இன்னும் முழுதாக வரவில்லை. கல்லீரலில் நிரந்தரத் தழும்பு இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தப் பரிசோதனை செய்கிறோம், எந்தப் புது மருந்தையும் அவரைக் கேட்காமல் கொடுப்பதில்லை. செடியைத் தோண்டிய அன்று பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "தூக்கிப் போடுவதை எனக்குக் கொடேன், எங்கள் வீட்டில் நாய் இல்லையே" என்றார். அவருக்குத் தவழும் வயதில் பேரன் இருக்கிறான். அந்த விதை மனிதர்களுக்கும் ஆகாது என்று சொன்னேன். அப்படியா என்று சிரித்துவிட்டு, தன் வீட்டு வாசலில் நிற்கும் அரளியைப் பற்றி அவரே கேட்க ஆரம்பித்தார்.